மருத்துவமனையே நடத்தும் நர்சிங் பள்ளியில் சேரலாமா? வரிசையாகப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் விசாரிக்கிறார்கள். ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, வேலை போட்டுத் தருவார்களா, கடைசியாக (அதுவும் யாராவது நினைவுபடுத்தினால்) அங்கீகாரம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதி ஏமாற்றம் குறையும். முதல் படியில் தோற்ற பள்ளிக்கு ஃபீஸ் பேரம் பேசி என்ன பயன்?

இங்கே பேசப்போவது தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனை தன் வளாகத்திலேயே நடத்தும் ஜி.என்.எம். (பொது நர்சிங் மற்றும் மகப்பேறு) பட்டயப் பள்ளியைப் பற்றி. மூன்று வருடப் படிப்பு, கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். இதற்கு எதிரில் தராசில் நிற்பது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் வயதுக்கான சான்றும் வேண்டும். நாடு முழுவதும் நர்சிங் படிப்புகளுக்கு விதி வகுக்கும் இந்தியன் நர்சிங் கவுன்சிலின் விதிப்படி ஜி.என்.எம். சேர ஆங்கிலத்தோடு பிளஸ் டூவில் மொத்தம் 40 சதவீதம், வயது 17 நிறைவு. அறிவியல் பாடம் இருந்தால் நல்லது, ஆனால் மற்ற குரூப் படித்தவர்களுக்கும் வழி உண்டு. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம்; பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் வேண்டும். அரசு நர்சிங் பள்ளிகளுக்குத் தனி விளக்கக் குறிப்பேடு வரும், அதன் நிபந்தனைகளைத் தனியாகப் படியுங்கள். காமர்ஸ் படித்த பிள்ளைக்குப் பல நேரம் ஜி.என்.எம். மட்டுமே திறந்திருக்கும் கதவு. அந்த நிலையில் பள்ளியா கல்லூரியா என்று யோசித்துக் கொண்டிருக்காமல், எந்தப் பள்ளி என்ற கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

அப்புறம் இரண்டு தடவை மருத்துவமனைக்கு நேரில் போக நேரம் ஒதுக்குங்கள். ஒன்று வேலை நாளில் காலை 9 மணிக்கு மேல், இன்னொன்று சாயங்காலம். சேர்க்கை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுவது இந்தக் கணக்கில் வராது.

1. இது நர்சிங் பள்ளிதானா என்று முதலில் பாருங்கள்

'மருத்துவமனையோடு இணைந்தது' என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு வேறு வேறு சரக்கு விற்கிறது. ஒன்று, இந்தியன் நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமமும் ஏற்றுக்கொண்ட ஜி.என்.எம். பள்ளி. படித்து முடித்தால் மாநிலக் குழுமத்தில் பதிவு கிடைக்கும். மற்றொன்று, சின்ன நர்சிங் ஹோம்கள் நடத்தும் ஓராண்டு, இரண்டாண்டு 'நர்சிங் அசிஸ்டன்ட் டிப்ளமோ' வகை. 'படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம்' என்று போஸ்டர் ஒட்டுவது பெரும்பாலும் இவர்கள்தான். இதை முடித்தவருக்கு நர்ஸாகப் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் அரசு வேலைக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. பிறகு சேர்ந்து சரிசெய்து கொள்ளலாம் என்றால், அங்கே படித்த காலம் ஜி.என்.எம்.மில் கழியாது, முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. இந்தியன் நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாக, படிப்பு வாரியாகப் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் மூன்று விஷயங்களை ஒப்பிடுங்கள்: பள்ளியின் பெயர் எழுத்துக்கு எழுத்து, படிப்பின் பெயர், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. பலர் தடுக்கி விழுவது இரண்டாவதில். ஒரே டிரஸ்ட் பி.எஸ்சி. கல்லூரிக்கு அனுமதி வாங்கியிருக்கும், ஜி.என்.எம்.முக்கு வாங்கியிருக்காது. கல்லூரியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டி பள்ளிக்கு ஆள் சேர்ப்பார்கள். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் பழைய கவுன்சிலின் இடத்தில் ஓர் ஆணையத்தைக் கொண்டுவருகிறது. பலகையில் பெயர் மாறினாலும் நீங்கள் பார்க்க வேண்டியது இதே பட்டியல்தான்.

மிஷன் மருத்துவமனைப் பள்ளிகள் சிலவற்றில் தேர்வை நடத்துவது இந்திய கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்தின் நர்சஸ் லீக் வாரியம். மாநிலக் குழுமத்தின் பெயர் ஹால் டிக்கெட்டில் இல்லையே என்று பயப்பட வேண்டாம், அதுவும் செல்லும்.

2. மூன்று வருடம் கழித்து எங்கே போக வேண்டும்?

நன்மை தீமை எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும். அதனால் மருத்துவமனையைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாடு அரசு மருத்துவமனை வேலை என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுக்கு ஜி.என்.எம்., பி.எஸ்சி. இருவருமே எழுதலாம். தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கும் தடை இல்லை. இந்த இலக்குக்கு ஜி.என்.எம். ஒரு வருடம் முன்னதாகவே உங்களை வரிசையில் நிறுத்தும்.

எய்ம்ஸ் என்றால் கணக்கு வேறு. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் நேராக விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம். முடித்தவருக்கு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். 'படிச்சு முடிச்சதும் எங்க ஆஸ்பத்திரியிலேயே வேலை' என்று சொல்லும் இடம் 30 படுக்கை நர்சிங் ஹோமாக இருந்தால், அங்கே இரண்டு வருடம் உழைத்தும் நார்செட் வாசலில் அது செல்லாக்காசு. வேலை உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் படுக்கை எண்ணிக்கையை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஆசிரியராக, எம்.எஸ்சி. வரை போக ஆசை இருந்தால் பட்டம் வேண்டும். ஜி.என்.எம். முடித்து போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம், ஆக மூன்றும் இரண்டும் ஐந்து. நேராக பி.எஸ்சி. சேர்ந்தால் நான்கு. பிளஸ் டூவில் உயிரியல் இருந்து, நான்கு வருடக் கட்டணமும் தாங்கும் என்றால் இந்த இலக்குக்கு ஜி.என்.எம். சுற்று வழி. மூன்றாவது வருட முடிவில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் அந்தச் சுற்று வழியே சரியான வழி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெளிநாட்டில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிரிட்டனில் பதிவுக்கு ஜி.என்.எம். ஏற்கப்படுகிறது. அங்கே தடையாக நிற்பது ஆங்கிலத் தேர்வும் அவர்களுடைய தகுதித் தேர்வும்தான். சவுதி சுகாதார அமைச்சக வேலைகளுக்கு வழக்கமாக பி.எஸ்சி. கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகளைச் சில மாதம் தொடர்ந்து படித்தால் எந்த நாடு எதைக் கேட்கிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

3. படுக்கையை எண்ணாதீர்கள், நோயாளியை எண்ணுங்கள்

மருத்துவமனைப் பள்ளியின் பெரிய பலம் இது என்று எல்லோரும் சொல்வார்கள்: 'கதவைத் திறந்தா வார்டு'. உண்மைதான். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போய், அங்கே ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரும் கல்லூரி மாணவியை விட இங்கே படிப்பவளுக்குக் கை பழக்கம் சீக்கிரம் வரும். ஆனால் வார்டில் ஆள் இருக்க வேண்டும்.

கவுன்சிலின் அளவுகோல், மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள், படுக்கைகளில் 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். 100 படுக்கை மருத்துவமனை இந்த அளவுக்கு நிரம்பினால் 75 நோயாளிகள். அப்படியானால் ஒரே நேரத்தில் 25 மாணவர்கள்தான் உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடியும். வருடத்துக்கு 40 பேர் சேர்க்கும் பள்ளி என்றால் மூன்று வருடமும் சேர்த்து 120 பேர். மிச்சம் பேர் எங்கே? வகுப்பில் ஒரு பகுதி, சமுதாய நலப் பணியில் ஒரு பகுதி, இணைப்பு மருத்துவமனையில் ஒரு பகுதி என்று தெளிவான பதில் வர வேண்டும். நீங்கள் காலையில் போகும் நாளில் மெடிக்கல் வார்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். பாதிப் படுக்கை காலியாக, ஒரு நோயாளியைச் சுற்றி ஆறு மாணவிகள் நின்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது துறைகள். இதய நோய்க்கோ கண்ணுக்கோ பேர்போன மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கும் நல்லதாக இருக்கும் என்று நினைப்பது சகஜம். பாடத்திட்டம் கேட்பது மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தைகள், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் எல்லாமும். ஒரே துறை மருத்துவமனையில் இவற்றில் பாதி கிடைக்காது. மனநலத்துக்கு எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். சென்னைப் பள்ளி என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போல ஓர் இடத்தின் பெயர் உடனே வர வேண்டும். 'அதெல்லாம் ஏற்பாடு பண்ணுவோம்' என்பது பதில் இல்லை.

மகப்பேறுதான் தனியார் மருத்துவமனைப் பள்ளிகளின் பலவீனமான இடம். இயல்பான பிரசவங்களை மாணவர் தன் கையால் கவனித்து கேஸ் புக்கில் எழுத வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 60 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். மீதி இயல்பான பிரசவத்திலும் பணம் கட்டிய குடும்பம் டாக்டரே பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். மாணவி திரைக்கு வெளியே நிற்பாள். கேஸ் புக் மட்டும் எப்படியோ நிரம்பிவிடும். அதனால் 'பிரசவ வார்டு பயிற்சி (லேபர் வார்டு போஸ்டிங்) எந்த அரசு மருத்துவமனையில், எத்தனை வாரம்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைப் பள்ளியில் இந்தக் கவலையே இல்லை. அங்கே கூட்டம் தாங்காது, பொருள் தட்டுப்பாடு இருக்கும், ஆனால் பார்க்காத கேஸ் என்று ஒன்று இருக்காது. கட்டணமும் மிகக் குறைவு. மதிப்பெண் எட்டினால் இதைத்தான் முதல் விருப்பமாக வைக்கச் சொல்வேன்.

4. போஸ்டிங் பட்டியலை யார் போடுகிறார்கள்?

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

பள்ளியும் மருத்துவமனையும் ஒரே நிர்வாகம். பள்ளி முதல்வர் மாணவி எதைக் கற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டென்டெண்ட் இன்று இரவு எந்த வார்டில் ஆள் இல்லை என்று பார்ப்பார். இருவரும் மோதும்போது யார் கை ஓங்குகிறது என்பதில்தான் அந்த மூன்று வருடத்தின் தரமே இருக்கிறது. சம்பள நர்ஸ் இரண்டு பேர் வேலையை விட்டதும் அந்த இடத்தில் இரண்டாம் வருட மாணவிகளை நிறுத்துவது பல இடங்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. மருத்துவமனைக்குச் செலவு மிச்சம். மாணவிக்கு வகுப்பு போகும், தூக்கம் போகும், தேர்வில் பாடமும் போகும்.

கண்டுபிடிக்கும் வழி இது. வருடம் முழுவதற்கும் எந்த பேட்ச் எந்த வாரம் எந்த வார்டில் என்று பள்ளி ஒரு மாஸ்டர் ரொட்டேஷன் பிளான் வைத்திருக்க வேண்டும். அதைப் பார்க்கக் கேளுங்கள். பிறகு வார்டுக்குப் போய் அன்று அங்கே இருக்கும் மாணவிகள் எந்த வருடம் என்று விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிளானில் முதல் வருடம், வார்டில் நிற்பது மூன்றாம் வருடம் என்றால் அந்தப் பிளான் இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும்தான்.

சாயங்காலம் ஒருமுறை போகச் சொன்னது இதற்காக. கேன்டீனிலோ வாசலிலோ மாணவிகளைப் பார்க்கலாம். 'காலேஜ் நல்லா இருக்காம்மா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு ஆன்ட்டி' என்றுதான் வரும். பக்கத்தில் சீனியர் நின்றால் நிச்சயம் அதுதான் வரும். இப்படிக் கேளுங்கள்:

'நேத்து எந்த வார்டும்மா? உங்க டியூட்டர் வார்டுக்கு வந்தாங்களா?'

'போன வாரம் எத்தனை கிளாஸ் நடந்துச்சு?'

'உடம்பு சரியில்லைன்னா லீவு யார்கிட்ட சொல்லணும்?'

கடைசிக் கேள்விக்கு 'கிளாஸ் டீச்சர்கிட்ட' என்று வந்தால் அவள் மாணவி. 'வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட, அவங்க வேற ஆள் போடணும்ல' என்று வந்தால் அவளை ஊழியர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நைட் ட்யூட்டியே கூடாது, படுக்கை விரிப்பு மாற்றச் சொல்கிறார்கள், பெட் பேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று குறைப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். அது சுரண்டல் இல்லை, நர்சிங்கின் அடிப்படையே அதுதான். படுக்கை மாற்றும்போதுதான் முதுகில் படுக்கைப்புண் சிவந்து வருவது கண்ணில் படும். பார்க்க வேண்டியது வேலையின் வகையை அல்ல. பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் நிற்கிறாரா, எத்தனை மணி நேரம் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் அளவு. டியூட்டர்களின் பெயர்ப் பலகையில் இருப்பவர்கள் நேரிலும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

5. பணம், பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்

கட்டணத்தை மூன்று வருடத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ட்யூஷன் தவிர ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், இணைப்பு மருத்துவமனைக்குப் போகும் பஸ், அங்கே கட்டும் போஸ்டிங் கட்டணம் என்று கிளை பிரியும். முதல் வருடத்தைக் குறைத்துக் காட்டி இரண்டாம் வருடம் ஏற்றுவது பழைய உத்தி.

ஃபீஸ் இல்லை, ஸ்டைபெண்டும் தருகிறோம் என்றால் அதற்கு ஈடு எங்கேயோ இருக்கிறது. அனேகமாக பாண்டு, அதாவது படிப்பு முடிந்ததும் இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம். பாண்டு என்றாலே கெட்டது என்று சொல்ல மாட்டேன். வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகள் அனுப்பிச் சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனையில் பணி செய்ய வேண்டும். அது சேரும்போதே எல்லோருக்கும் தெரியும். ஆபத்தானது, சேர்ந்த பிறகு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பாண்டு. பணிக்காலம், அந்தக் காலத்துச் சம்பளம், விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆகிய மூன்றும் எண்ணால் எழுதப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

சம்பளத்தை ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்ஸுக்கு மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் குறைந்தது 20,000 ரூபாய் என்று பரிந்துரைத்தது. இது சட்டம் இல்லை, பரிந்துரைதான். ஆனாலும் பாண்டில் எழுதியிருக்கும் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 'இலவசப் படிப்பு' உண்மையில் எவ்வளவுக்கு விற்கப்படுகிறது என்று தெரியும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் கொடுக்கலாம், அடகு போல விட்டுவைக்க வேண்டாம். சான்றிதழைப் பிடித்து வைத்துப் பணம் கேட்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்களோடு எழுதி, பள்ளி முத்திரையுடன் ரசீது வாங்குங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பட்டயப் படிப்புக்கும் உண்டு. 'உங்க மாணவிகள் எத்தனை பேர் இப்ப அதை வாங்குறாங்க?' என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் மாறும்.

6. ஹாஸ்டல்

வளாகத்துக்குள் ஹாஸ்டல் இருப்பது நைட் ட்யூட்டி முடித்து வரும் பெண்ணுக்கு நிஜமான பாதுகாப்பு. அதே காரணத்தால், ஆள் பற்றாத போதெல்லாம் கதவைத் தட்டி எழுப்பவும் வசதி. நைட் முடித்த மாணவி அடுத்த பகல் தூங்க விடப்படுகிறாளா என்பதை மட்டும் விசாரித்தால் போதும். சாப்பாட்டைப் பற்றி எந்த ஹாஸ்டலிலும் ஒரே பதில்தான்.

7. தராசில் வைக்கும்போது

ஐந்தாறு பக்கக் குறிப்பு சேர்ந்துவிட்டதா? இப்போது நல்லதையும் கெட்டதையும் எண்ணிக் கழிக்காதீர்கள். சில குறைகளுக்கு ஈடு செய்யவே முடியாது. அங்கீகாரம் இல்லாதது, எண் எழுதாத பாண்டு, மகப்பேறுக்கும் மனநலத்துக்கும் இடம் சொல்ல முடியாதது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வேறு எத்தனை வசதி இருந்தாலும் வேண்டாம். கட்டடம் பழசு, லேப் சின்னது, பெயர் தெரியாத ஊர் போன்றவை தாங்கக்கூடிய குறைகள். மாவட்டத் தலைநகரில் 150 படுக்கையும் நிரம்பிய பழைய மிஷன் மருத்துவமனைப் பள்ளி, கண்ணாடிக் கட்டடத்தில் பாதி காலியாகக் கிடக்கும் புது மருத்துவமனைப் பள்ளியை விட எனக்கு மேல்.

படிப்பு ஆங்கிலத்தில். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் முதல் வருட உடற்கூறியலில்தான் அதிகம் திணறுகிறார்கள். முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதே பேட்ச்சில் எத்தனை பேர் மூன்றாம் வருடம் எட்டினார்கள் என்று கேளுங்கள். 'நூறு சதவீத ரிசல்ட்' என்பது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. நடுவில் நின்றவர்கள் அதில் வரமாட்டார்கள்.

8. சேரும் நாளிலும் அதற்குப் பிறகும்

பணத்தை டிரஸ்ட் அல்லது பள்ளியின் பெயரில் வங்கி வழியாகக் கட்டுங்கள். நடுவில் இருக்கும் ஏஜென்ட் கையில் கொடுத்தால் அது பள்ளியின் கணக்குக்குப் போனதற்கு ஆதாரம் இருக்காது. ரசீதில் படிப்பின் பெயர் 'ஜி.என்.எம்.' என்றே இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள்.

சேர்க்கைக்குக் கடைசித் தேதி உண்டு. அதைத் தாண்டி 'பழைய தேதி போட்டுச் சேர்த்துக்கறோம்' என்பார்கள். அப்படிச் சேர்ந்த பெயரைக் குழுமம் ஏற்காவிட்டால் முதல் வருடத் தேர்வின்போதுதான் தெரியவரும். அதனால் வகுப்பு தொடங்கிய சில மாதங்களில், மாணவராக உங்கள் பெயர் மாநிலக் குழுமத்தில் பதிவாகிவிட்டதா, பதிவு எண் என்ன என்று அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எண் தரத் தயங்கினால் அடுத்த தவணையைக் கட்டும் முன் குழும அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். அன்றிலிருந்தே கேஸ் புக்கும், வார்டில் செய்த மணி நேரப் பதிவும் பிரதி எடுத்து வீட்டில் வைக்கத் தொடங்குங்கள். வெளிநாட்டுப் பதிவுக்குப் போகும்போது தியரி எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி என்று டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். அப்போது பள்ளியில் பழைய பதிவேடு கிடைக்காமல் அலைபவர்களை வருடா வருடம் பார்க்கலாம்.